அவர் வண்டி வந்தால் சுற்றும் விசிறி

'தானாக' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது. தர்மபுரியில் ஒரு கடைக்காரர் துணி துவைக்கும் மிஷினைத் தட்டிக் காட்டி, "சுவிட்ச போட்டா போதுங்க, மிச்சமெல்லாம் தானா நடக்கும்" என்றார். உடனே பால் வடிந்து அழுகிய பட்டுப்புழுவின் நாற்றம் என் மூக்கில் ஏறியது. வாங்காமலே வந்துவிட்டேன். இன்னும் கையால்தான் துவைக்கிறேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அந்த நாற்றம் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். பட்டுப்புழுவுக்கு வருகிற ஒரு நோயை எங்கள் பக்கம் பால் புழு என்போம். நோய் கண்ட புழு ஊதிப்போய், தோல் மினுமினுத்து, இலையைத் தின்னாமல் அடுக்கின் ஓரத்துக்கு ஊர்ந்து வந்து தொங்கும். விரல் பட்டால் போதும், தோல் கிழிந்து வெள்ளையாக வடியும். பிறகு கறுத்துக் கூழாகிவிடும். அந்த வாடை சேலையில் ஏறி, தலைமுடியில் ஏறி, சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். புழு வளர்க்கும் மனை நிறைய அப்படிப் போன புழுவை இந்தக் கையால் அள்ளினேன். நானாக அள்ளவில்லை, அள்ள வைத்தார்கள்.

எங்கள் வீடு நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது இவர்கள் நிலத்தில் மரவள்ளியும் சோளமும்தான். மல்பெரி நட்டது, பயிற்சிக்குப் போனது, ஓட்டுக்கூரை போட்டுப் புழு மனை கட்டச் சொல்லி அடம்பிடித்தது எல்லாம் நான். என் கணவர் பட்டுக்கூட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். அங்கே நாலு பேர் 'நல்ல கூடு' என்று சொன்னால் மீசையைத் தடவிக்கொள்வார். சரி, அதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று இருந்தேன். மனைக்குள் நான்தான் ராணி. அது போதும் என்றிருந்தேன்.

புழு மனைக்கு ஏகப்பட்ட சட்டம். வாசலில் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பவுடர் பூசிக்கொண்டு போகக் கூடாது, பீடி குடித்த வாயோடு போகக் கூடாது, கொசுவத்தி வாடையே ஆகாது. இதெல்லாம் பயிற்சியில் சொன்ன சட்டம், காரணமும் சொன்னார்கள். வீட்டில் ஒரு சட்டம் தனியாக இருந்தது. வூட்டுக்குத் தூரமான பொம்பளை, அதாவது மாதவிலக்கான பெண், புழு மனைப் படியை மிதிக்கக் கூடாது, மிதித்தால் புழு பால் வைத்துவிடும். இதைச் சொன்னது என் மாமியார். அந்த நாட்களில் இலை போடுவது கணவர் வேலை என்பது வீட்டு ஏற்பாடு.

என் கொழுந்தனார் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நானும் தர்மபுரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள்தான், லினக்ஸ் ஒரு பாடமாகவே இருந்தது. ஆனால் இந்த வீட்டில் அது கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் போட்டதோடு சரி. அவர் ஊருக்கு வந்தால், அவர் ஏதோ சந்திர மண்டலத்திலிருந்து இறங்கினதுபோல எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நான் தோசை ஊற்றுவேன்.

மாசி மாதம் ஒருமுறை வந்தவர், ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தார். மூடியில் ஓட்டை போட்டு வயர்கள் வெளியே வந்தன. உள்ளே உள்ளங்கையளவு ஒரு பச்சைப் பலகை.

"இது ஒரு முழுக் கம்ப்யூட்டர் அண்ணி," என்றார். "லினக்ஸ். மனைக்குள்ள சூடு, ஈரப்பதம் ரெண்டையும் அளந்து, வேணுங்கிறப்ப எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஃபாகரையும் போடும், வேணாங்கிறப்ப நிறுத்தும்."

ஃபாகர் என்பது தண்ணீரைப் புகைபோலத் தெளிப்பது. கோடையில் இந்த இரண்டும் இல்லாவிட்டால் ஓட்டுக்கூரை மனைக்குள் புழு வெந்துவிடும். அதுவரை இரண்டையும் வாசலுக்கு வெளியே இருந்த சுவிட்சில் நான்தான் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

"கரண்டு போயிட்டா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

"போயிட்டு வந்தா தானா எழுந்திரிக்கும் அண்ணி. எழுந்த உடனே நான் எழுதின புரோகிராம் தானா ஓட ஆரம்பிக்கும். யாரும் தொடவே வேணாம்."

என் கணவருக்கு உடனே விளங்கிவிட்டது. "நம்ம கெணத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்குல்ல, அந்த மாதிரி," என்றார். மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்று தெரியாத ஊரில், வந்ததும் மோட்டாரைத் தானே ஓட்டிவிடும் அந்தப் பெட்டி எல்லார் கிணற்றிலும் உண்டு. அதைப் பார்த்துப் பழகினவர்களுக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை. எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

டிவியைக் கழற்றி அதில் மாட்டி, கீபோர்டு வைத்து, பகல் முழுக்க உட்கார்ந்து ஏதேதோ தட்டினார். நான் காப்பி கொண்டுபோனபோது எட்டிப் பார்த்தேன். "இது சர்வீஸா போடுறீங்களா தம்பி?" என்று கேட்டேன். லினக்ஸில், கம்ப்யூட்டர் எழும்போதே எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லிவைக்கும் முறைக்கு அதுதான் பெயர். "அட, அண்ணிக்கு ஞாபகம் இருக்கு," என்று சிரித்தார். மறுபடி தட்டத் தொடங்கிவிட்டார்.

பிறகு வாசலில் இருந்த என் சுவிட்ச் பலகையைக் கழற்றினார். எதற்கு என்று கேட்டேன். கையாலும் போட்டு, மிஷினும் போட்டால் குழப்பம் ஆகிவிடுமாம். மாமியார் டிபன் பாக்ஸுக்கு மஞ்சள், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். சுவரில் இருந்த சுவிட்ச் குழிக்கு ஒரு பழைய காலண்டர் அட்டையை ஆணியடித்து மூடினார்கள்.

கொஞ்ச நாள் நன்றாகவே ஓடியது. கரண்டு போகும், வரும், பெட்டிக்குள் சிவப்பு விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் விசிறி சுற்றும். கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே ஒரு குறைதான் சொன்னார்: "இந்தப் போனுல சார்ஜே நிக்க மாட்டேங்குது." யார் அதைக் காதில் வாங்கினார்கள்? நானும் வாங்கவில்லை.

சித்திரையில் அந்த ஈடு. ஒரு தடவை வளர்த்தெடுக்கும் புழுவை ஈடு என்போம். புழு கடைசித் தோலுரித்து எழுந்து, நாளெல்லாம் தின்னும் பருவம். மழை பெய்வதுபோல மனைக்குள் இலை கடிக்கும் சத்தம் கேட்கும். இன்னும் சில நாளில் கூடு கட்டியிருக்கும். எனக்கு அன்றைக்கு வூட்டுக்குத் தூரம். கணவர் காலையில் இலை போட்டுவிட்டு, கம்பைநல்லூரில் ஒரு கல்யாணம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெயில் ஏறினதும் கரண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் வந்தது. வீட்டுக்குள் ஃபேன் சுற்றியது, கிணற்று மோட்டார் தானாக ஓடியது. புழு மனையில் மட்டும் சத்தமே இல்லை. நான் களத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். விசிறி சுற்றினால் இரைச்சல் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

மாமியாரிடம் போய், "அத்த, மிஷின் ஓடலை. போய்ப் பாருங்க," என்றேன்.

அவர் கால் நனைத்து உள்ளே போய்விட்டு வந்தார். "ஓடுதே. செவப்பு லைட்டு எரியுது," என்றார்.

"லைட்டு எரிஞ்சா கரண்டு வந்திருக்குன்னுதான் அர்த்தம். ஃபேன் சுத்துதா?"

"சூடு ஏறினா அதுவா சுத்தும். சின்னவன் சொல்லிட்டுத்தானே போயிருக்கான். உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

கணவருக்குப் போன் போட்டேன். நாதஸ்வரத்துக்கு நடுவில், "கரண்டு வந்திருச்சில்ல? தானா ஓடும், நீ எதையும் தொட்டுத் தொலைக்காத," என்று வைத்துவிட்டார். கொழுந்தனாருக்குப் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறாராம். "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க அண்ணி," என்றார். மாமியார் பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

என் சுவிட்ச் இருந்திருந்தால் ஒரு விரலில் முடிந்திருக்கும். அந்தக் காலண்டர் அட்டையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. வெயிலோ ஓட்டின்மேல் நின்று ஆடுகிறது. மதியம் மாமியார் கண்ணயர்ந்தார். நான் காலை நனைத்தேன், படியை மிதித்தேன், உள்ளே போனேன்.

உள்ளே அடுப்படிபோலக் காந்தியது. இலை வாடிச் சுருண்டிருந்தது. புழு தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது, இலை கடிக்கும் சத்தம் இல்லவே இல்லை. சன்னல் திரைகளைக் கழற்றினேன், சாக்குகளை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டேன், தண்ணீரைக் குடம் குடமாகத் தரையில் ஊற்றினேன், வாடின இலையைத் தள்ளிவிட்டுப் புது இலை போட்டேன். இடுப்பு ஒடிந்தது. அந்த நாளில் ஒடியத்தான் செய்யும்.

எழுந்து வந்த மாமியார் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "பாவி, என்ன காரியம் பண்ணிட்ட," என்றார். நான் பதில் சொல்வதற்குள் கேட்டுப் பக்கம் வண்டிச் சத்தம். கல்யாணச் சாப்பாட்டோடு என் கணவர் வந்து இறங்கினார். அவர் ஸ்டாண்டு போடுகிற நேரத்துக்கு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் தலைக்குமேல் விசிறி கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. ஃபாகர் புஸ்ஸென்று புகை கக்கியது.

அவர் வாசலில் வந்து நின்று மேலே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நல்லாத்தானே ஓடுது. நீ எதுக்கு உள்ளாற போன?"

மிஷினும் இந்த வீட்டு ஆளாகிவிட்டது என்று மட்டும் தோன்றியது.

இரண்டொரு நாளில் புழு ஓரத்துக்கு ஊர்ந்து வந்தது. பிறகு ஊதியது, பிறகு வடிந்தது. கூடு கட்டாமல், அடுக்கு அடுக்காகத் தொங்கிற்று. சூட்டில் வாடி, பட்டினி கிடந்து, பிறகு திடீரென்று ஈரம் பட்ட புழு என்ன ஆகும் என்று பயிற்சிக்குப் போன எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் தெருவுக்கே வேறு காரணம் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் பேச்சு, ரேஷன் கடையில் பேச்சு. "தூரமாயிருந்தவ உள்ள போயிட்டாளாம்." பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி முழுசும் என் அடிவயிற்றின்மேல் வந்து விழுந்தது. சீ, எழுதும்போதே கூசுகிறது. என் நாளும் கிழமையும் தெருவில் யார் யார் வாயிலோ புரண்டது.

"மிஷின் ஓடலை, அதனாலதான் போனேன்," என்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"என் கண்ணு முன்னாடி ஓடுச்சே," என்றார் கணவர். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

செத்த புழுவை அள்ளிக் குழிக்குள் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். யார் அள்ளுவது? மாமியாருக்கு வாடை ஆகாது. கணவருக்குக் குமட்டுகிறது, வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். "நீதானே கெடுத்த, நீயே அள்ளிப் போடு," என்றார் மாமியார். அள்ளினேன். கூடை கூடையாக. விரலிடுக்கில் வடிந்தது. உயிரோடு இருந்த புழுவை நான் பார்த்தாலே தீட்டு, செத்து நாறும் புழுவை நான் பிசைந்து அள்ளலாம், அதற்குத் தீட்டில்லை. இதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. குழியை மூடிவிட்டு மல்பெரித் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகு தீர்ப்பு வந்தது. இனி எந்த நாளிலும் நான் மனைக்குள் போக வேண்டாம். கூலிக்கு ஆள் வைத்து இலை போட்டுக்கொள்ளலாம், மிச்சத்தை மிஷின் பார்த்துக்கொள்ளும். கொழுந்தனார் ஞாயிற்றுக்கிழமை வந்து கேமரா ஒன்று மாட்டப் போகிறாராம். புழுவைப் பார்க்கவா, வாசலைப் பார்க்கவா என்று கேட்டேன். "ரெண்டுந்தான்," என்றார் கணவர். அவர் வாயில் அது கொஞ்சமும் உறுத்தாமல் வந்தது.

நான் கட்டின மனை அது. என் கையை விட்டுப் போகப் போகிறது, அதுவும் கெடுத்தவள் என்ற பட்டத்தோடு. எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. அருவருப்பில் ஒரு நன்மை உண்டு, மூளை தெளிவாக வேலை செய்யும்.

மறுநாள் கணவர் வயலுக்கும் மாமியார் கோயிலுக்கும் போன நேரத்தில், காலியாகக் கிடந்த மனைக்குள் போய் டிபன் பாக்ஸைக் கழற்றிக் கொண்டுவந்து டிவியில் மாட்டினேன். கொழுந்தனார் விட்டுப்போன கீபோர்டு பரணில் இருந்தது. படித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஒவ்வொரு வரியையும் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். கம்ப்யூட்டர் எழுந்ததும் புரோகிராமை ஓட்டு என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அந்தப் புரோகிராம் எழுந்ததும் செய்கிற முதல் வேலை, சூட்டை அளப்பது இல்லை. 'நான் எழுந்துவிட்டேன்' என்று அண்ணன் போனுக்கும் தம்பி போனுக்கும் செய்தி அனுப்புவது. அதற்கு நெட் வேண்டும். நெட் வரவில்லை என்றால்? வரும்வரை காத்திரு என்று எழுதியிருந்தது. விசிறியும் ஃபாகரும் அதற்குக் கீழேதான் வருகின்றன.

எங்கள் வீட்டில் நெட்டுக்குத் தனி லைன் கிடையாது. பெட்டிக்கு நெட் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று பெங்களூரில் இருக்கும் கொழுந்தனாரின் போன், இன்னொன்று என் கணவரின் போன். பெட்டிக்கு நெட் கொடுக்க அதனுடைய ஹாட்ஸ்பாட்டைக் கொழுந்தனார் எந்நேரமும் அணையாமல் இருக்கும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், சார்ஜ் நிற்காததற்குக் காரணம் அதுதான். ஆக, கரண்டு வரும்போது இவர் வீட்டில் இருந்தால் பெட்டி வேலையைத் தொடங்கும். இல்லையென்றால், இவர் வண்டி கேட்டுக்குள் வரும்வரை விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். இவர் இருக்கும்போதெல்லாம் அது ஓடத்தான் ஓடும். அதனால் அது ஓடாமல் இருந்ததை இவர் ஒருநாளும் பார்த்திருக்கவே முடியாது.

அந்த வீட்டில் எந்நேரமும் இருக்கும் போன் ஒன்று உண்டு. அது என்னுடையது. அதில் நெட்டும் உண்டு. அதன் பெயரைப் பெட்டிக்குள் எழுத வேண்டும் என்று அந்தப் படித்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் என்றார்களே, கிணற்று மோட்டார்கூட வீட்டில் ஆம்பளை இருக்கிறானா என்று கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. தூ என்று துப்பலாம் என்றால் நடுவீடு.

யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைத் திரும்ப மாட்டினேன். சொன்னால் 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்' என்பார்கள். அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் கேமராவோடு வந்தார். காப்பி குடித்து முடித்ததும் கணவரிடம், "ஏங்க, அதியமான்கோட்டை வரைக்கும் போய்க் கறி எடுத்துட்டு வாங்க, தம்பி வந்திருக்காங்க," என்றேன். அவர் போனார். வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் கொழுந்தனாரையும் மாமியாரையும் மனை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொழுந்தனாரின் போனை வாங்கி அணைத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"என்ன அண்ணி?"

"கொஞ்சம் பொறுங்க."

மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நாங்கள் மூன்று பேரும் நின்றோம். வெயில் ஏறியது. விசிறி அசையவில்லை. கொழுந்தனார் முதலில் சிரித்தார், பிறகு பெட்டியைத் தட்டினார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்தது. மாமியார், "இருங்க, சூடு ஏறினா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சூடு ஏறித்தான் இருந்தது, அவர் நெற்றிக் குங்குமம் வழிந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து வண்டிச் சத்தம் கேட்டது. கறிப் பையோடு கணவர் கேட்டைத் தாண்டினார். கரகரவென்று விசிறி சுற்றியது.

"என்னா எல்லாரும் இங்க நிக்கிறீங்க?" என்றார். "நல்லாத்தானே ஓடுது."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு துளி நல்லது இல்லை.

கொழுந்தனார் அண்ணனிடம் விளக்கினார். "சின்ன 'பக்'தான் அண்ணா, புரோகிராம்ல ஒரு தப்பு. டெஸ்ட் பண்றப்ப நீ வூட்லதான இருந்த, அதான் தெரியல. ஒரே வரி, மாத்திட்டா போதும்." அப்படியே மாற்றவும் மாற்றினார். முதலில் விசிறி, பிறகு செய்தி. வரிசையை மேலும் கீழுமாக நகர்த்தினார், அவ்வளவுதான். ஒரு மனைப் புழுவும், தெருவெல்லாம் நாறின என் மானமும் அவருக்கு ஒரு சின்ன பக். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. கறி வெந்துவிட்டதா என்று கேட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது மாமியார் ரொம்ப நிம்மதியாகச் சொன்னார். "அப்பாடா, சரியாயிடுச்சு. இனி அவ உள்ளாற போக வேண்டிய அவசியமே இல்ல. அந்த மூணு நாளுக்கு அவ போவாம இருக்கணும்னுதான சின்னவன்கிட்ட இத செய்யவே சொன்னேன்."

கொழுந்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமா அண்ணி, அம்மா அதுக்குத்தான் கேட்டாங்க," என்றார்.

குழம்புக் கரண்டி என் கையில் இருந்தது. அதைச் சட்டியிலேயே வைத்தேன். ஆக, இந்தப் பெட்டி புழுவுக்காக வந்ததே இல்லை. என்னை வெளியே நிறுத்த வந்தது. நான் அதற்குச் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு அருவருப்பு.

"அத்த," என்றேன். "சாமி படத்துக்கு முன்னாடி தட்டுல ஒரு கை கூடு வெச்சிருக்கீங்களே, தை மாசத்து ஈடு. மார்க்கெட்லயே அந்த மாதிரி கூடு வரலைன்னு சொன்னாங்களே. வெயில்ல காயவெச்சு, லட்சுமின்னு தினமும் பூ வைக்கிறீங்களே. அந்தப் புழு கடைசியாத் தின்ன நாளெல்லாம் நான் வூட்டுக்குத் தூரம். அந்த மூணு நாளும் எல போட்டது நான்தான். அதுக்கு முன்னாடி ஈடுலயும் நான்தான், அதுக்கு முன்னாடியும் நான்தான். உங்க பெரிய மகனுக்கு ஐவே ரோட்டு டீக்கடைய விட்டு எழுந்து வர முடியல. 'யாருக்கும் தெரிய வேணாம், நீயே போட்டுடு'ன்னு அவருதான் சொன்னாரு. கேளுங்க அவர."

கணவர் தரையைப் பார்த்தார். அதே பார்வை. இத்தனை ஈடும் தெரிந்தவர், குழி தோண்டின அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. புழு நாற்றம்கூடச் சோப்புப் போட்டதும் போய்விட்டது, இது போகவில்லை.

மாமியார் பதறுவார் என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சாமி தட்டை எடுத்து எறிவார், குறைந்தது மகனையாவது ஏசுவார் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "அவன் டீக்கடையில கெடந்தா எல எவ போட்டிருப்பா. நல்லா வெளையறப்ப அதையெல்லாம் யாரு கேப்பா?"

சொல்லிவிட்டுக் குழம்பு கேட்டார். நான் ஊற்றவில்லை.

எழுந்து போய்ச் சுவரிலிருந்த காலண்டர் அட்டையை ஆணியோடு பிடுங்கினேன். பரணில் கிடந்த என் சுவிட்ச் பலகையை எடுத்து வந்து கொழுந்தனாரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "கை கழுவிட்டு இத மாட்டிக் குடுத்துட்டுப் போங்க தம்பி. கேமராவ உங்க அண்ணன் உக்கார்ற டீக்கடையில மாட்டுங்க," என்றேன். அவர் கை கழுவிவிட்டு வந்து மாட்டினார்.

அடுத்த ஈடு வந்தது. என் நாளும் வந்தது. மாமியார் களத்தில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கும்படியாகவே காலை நனைத்து, படி ஏறி, உள்ளே போய் இலை போட்டேன். அவர் கொட்டை எடுப்பதை நிறுத்தவில்லை. கூடு நன்றாக விளைந்தது. ஒரு கை எடுத்து வெயிலில் காயவைத்தார், சாமி தட்டில் பழையதோடு சேர்த்து வைத்தார், பூவும் வைத்தார். அந்தத் தட்டைக் கடந்துதான் நான் தினமும் அடுப்படிக்குப் போகிறேன். இன்றுவரை ஒருமுறைகூட அதைக் கும்பிட்டதில்லை.